எண் ஒன்று, ஆட்கள் வேறு: ஆஸ்திரேலியாவின் 4ஆவது பிரிகேடு வரலாற்றைப் படிப்பது எப்படி?

2020 ஜனவரி 4 அன்று, காட்டுத்தீ நாட்டின் தென்கிழக்கை எரித்துக்கொண்டிருந்த நேரத்தில், ஆஸ்திரேலியப் பிரதமர் ஸ்காட் மோரிசன் ஓர் அறிவிப்பு வெளியிட்டார். ராணுவ ரிசர்வ் படையிலிருந்து 3,000 பேர் வரை கட்டாயமாகப் பணிக்கு அழைக்கப்படுவார்கள் என்றார். விக்டோரியா மாநிலத்தில் களமிறங்கிய ரிசர்வ் வீரர்கள் பெரும்பாலும் 4ஆவது பிரிகேடைச் சேர்ந்தவர்கள்.

யார் இவர்கள் என்று வரலாற்றைத் தேடிப் போனால் தலை சுற்றும். 1915இல் துருக்கியின் கலிப்பொலியில் இறங்கிய பிரிகேடு என்று ஓரிடத்தில் இருக்கும். 1943 வரை நாட்டை விட்டே வெளியே போகாத பிரிகேடு என்று இன்னோரிடத்தில் இருக்கும். முழுக்க முழுக்க விக்டோரியாக்காரர்கள் என்று ஒரு குறிப்பு சொல்லும். நாட்டின் ஆறு மாநிலங்களிலிருந்தும் ஆள் எடுத்தது என்று மற்றொன்று சொல்லும். உருவான ஆண்டுக்கு 1914, 1921, 1948 என்று மூன்று பதில் கிடைக்கும். இதில் வேடிக்கை என்னவென்றால், எதுவுமே தவறில்லை.

தாத்தாவின் பெயரைத் தாங்குபவன் என்பதால்தான் நம் மொழியில் 'பெயரன்', பேச்சில் 'பேரன்'. பெயர் ஒன்று, ஆள் வேறு. இந்த பிரிகேடின் கதையும் அப்படித்தான். 4 என்ற எண் நூறாண்டுக்கு மேல் தொடர்ந்து வருகிறது. அந்த எண்ணைச் சுமந்த படைகள் தனித்தனி. ஒவ்வொரு முறையும் படை ஏன் மாறியது என்று பார்த்தால், பெரும்பாலும் ஒரே கேள்வியில் வந்து நிற்கும்: பகுதிநேர சிப்பாயை அரசு எந்த எல்லை வரை கட்டாயப்படுத்தி அனுப்பலாம்?

முதலில் சில சொற்கள்

1. கம்பெனி: நூறு முதல் இருநூறு பேர் வரை உள்ள குழு.

2. பட்டாலியன்: பல கம்பெனிகள் சேர்ந்தது. முதல் உலகப் போர்க் காலத்தில் முழு பலத்தில் சுமார் 1,000 பேர். சிப்பாய் தன்னை அடையாளம் சொல்வது பட்டாலியனை வைத்துத்தான். கொடியும், அந்தக் கொடியில் தைக்கப்படும் போர்க் கௌரவங்களும் காலாட்படையில் பட்டாலியனுக்கு, அல்லது அது சேர்ந்த ரெஜிமெண்டுக்கு (ஒரே பெயரைத் தாங்கும் பட்டாலியன்களின் குடும்பத்துக்கு) உரியவை.

3. பிரிகேடு: மூன்று அல்லது நான்கு பட்டாலியன்களும் அவற்றுக்கு மேலே ஒரு தலைமையகமும்.

4. டிவிஷன்: பொதுவாக மூன்று பிரிகேடுகள், கூடவே பீரங்கி, பொறியியல், மருத்துவப் பிரிவுகள்.

இதில் மூன்றாவதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பிரிகேடு என்பது அடிப்படையில் ஒரு தலைமையகம். அதன் கீழ் இன்று ஒரு பட்டாலியனை மாட்டலாம், நாளை கழற்றி வேறொன்றை மாட்டலாம். அதனால்தான் ஒரு பிரிகேடின் 'வீரர்கள் யார்' என்ற கேள்விக்கு, எந்த ஆண்டு என்று கேட்காமல் பதில் சொல்ல முடியாது.

அப்புறம் 'ரிசர்வ்' என்ற சொல். ஓய்வுபெற்ற ராணுவத்தினரின் பட்டியல் என்று நம்மில் பலர் நினைத்துக்கொள்வோம். ஆஸ்திரேலியாவில் அது முதன்மையாகப் பகுதிநேர ராணுவம். வாரநாளில் தச்சராகவும் நர்சாகவும் கல்லூரி மாணவராகவும் இருப்பவர், வார இறுதியில் சீருடை போடுகிறார். முன்பு இதற்கு மிலிஷியா என்று பெயர். சிட்டிசன் மிலிட்டரி ஃபோர்சஸ், அதாவது குடிமக்கள் படை என்றும் சொல்வார்கள். 1980இல்தான் ஆர்மி ரிசர்வ் என்ற பெயர் முறைப்படி வந்தது.

வேர்: 1903ஆம் ஆண்டுச் சட்டம்

ஆஸ்திரேலியாவின் ஆறு காலனிகள் 1901இல் ஒன்றாகி ஒரு நாடானது. 1903இல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. குடிமக்கள் படையில் இருப்பவரை நாட்டைக் காக்கவும் அதன் ஆட்சிக்குட்பட்ட பகுதிகளைக் காக்கவும் கட்டாயப்படுத்தலாம், அதற்கு வெளியே போக வேண்டுமானால் அவரே முன்வந்து சம்மதிக்க வேண்டும் என்பது அதன் சாரம். 1911இல் இளைஞர்களுக்குக் கட்டாய ராணுவப் பயிற்சி தொடங்கியபோதும் இந்த வரம்பு அப்படியே இருந்தது.

1914 ஆகஸ்டில் போர் வெடித்தது. நாட்டில் மிலிஷியா இருந்தது, ஆட்கள் பயிற்சியிலும் இருந்தார்கள். ஆனால் அந்தப் படையை அப்படியே கப்பலில் ஏற்றி ஐரோப்பாவுக்கு அனுப்பச் சட்டம் இடம் தரவில்லை. ஆகவே அரசு பக்கத்திலேயே இன்னொரு ராணுவத்தைப் புதிதாகக் கட்டியது. அதுதான் தன்னார்வலர்களை மட்டுமே கொண்ட ஏ.ஐ.எஃப். எனப்படும் ஆஸ்திரேலிய இம்பீரியல் படை. 1916 அக்டோபரிலும் 1917 டிசம்பரிலும் வெளிநாட்டுப் போருக்குக் கட்டாய ஆள்சேர்ப்பு வேண்டுமா என்று அரசு மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தியது. இரண்டு முறையும் மக்கள் வேண்டாம் என்றே சொன்னார்கள்.

முதல் பிறவி: 1914 முதல் 1918 வரை

1914 செப்டம்பரில் ஏ.ஐ.எஃப்.பின் 4ஆவது பிரிகேடு உருவானது. அதில் நான்கு பட்டாலியன்கள்: நியூ சவுத் வேல்ஸின் 13ஆவது, விக்டோரியாவின் 14ஆவது, குயின்ஸ்லாந்தும் டாஸ்மேனியாவும் சேர்ந்த 15ஆவது, மேற்கு ஆஸ்திரேலியாவும் தெற்கு ஆஸ்திரேலியாவும் சேர்ந்த 16ஆவது. ஆறு மாநிலங்கள் என்ற கணக்கு இங்கிருந்துதான் வருகிறது. எல்லோரும் மெல்போர்னுக்கு வெளியே பிராட்மெடோஸ் முகாமில் கூடி, டிசம்பரில் கப்பலேறினார்கள்.

தலைமை தாங்கியவர் ஜான் மோனாஷ். முழுநேர ராணுவத்தினர் அல்லர், கட்டுமானப் பொறியாளர். மெல்போர்னில் யாரா ஆற்றின் மேல் 1899இல் கட்டப்பட்ட, இன்று மோரெல் பாலம் எனப்படும் வலுவூட்டப்பட்ட கான்கிரீட் பாலம் அவருடைய நிறுவனத்தின் வேலை. பல்கலைக்கழக மாணவராக 1884இல் மிலிஷியாவில் சேர்ந்து, முப்பது ஆண்டு பகுதிநேர சேவையில் படிப்படியாக உயர்ந்தவர். ஆஸ்திரேலியா பெற்ற மிகச் சிறந்த தளபதி என்று பெரும்பாலான வரலாற்றாசிரியர்கள் சொல்லும் மனிதர், இன்றைய மொழியில் ஒரு ரிசர்வ் அதிகாரி. இந்த ஒரு தகவல் போதும், பகுதிநேரப் படை என்றாலே இரண்டாந்தரம் என்ற எண்ணத்தை மறுபரிசீலனை செய்ய.

1915 ஏப்ரல் 25 மாலையிலிருந்து பிரிகேடு கலிப்பொலியில் கரையேறியது. குவின்ஸ் போஸ்ட், கோர்ட்னிஸ் போஸ்ட், போப்ஸ் ஹில் என்ற, செங்குத்தான பள்ளத்தாக்கின் விளிம்பில் தொங்கிக்கொண்டிருந்த நிலைகளைக் காப்பது இவர்கள் பொறுப்பு. அந்தப் பள்ளத்தாக்குக்கே மோனாஷ் பள்ளத்தாக்கு என்று பெயர் வந்தது. மே 19 அன்று துருக்கியர் பெருந்தாக்குதல் நடத்தியபோது, கோர்ட்னிஸ் போஸ்டில் எதிரி புகுந்துவிட்ட பதுங்குகுழிக்குள் தனியாகக் குதித்து அதை மீட்டவர் 14ஆவது பட்டாலியனின் ஆல்பர்ட் ஜாக்கா. அந்தப் போரில் ஏ.ஐ.எஃப்.புக்குக் கிடைத்த முதல் விக்டோரியா கிராஸ், அதாவது பிரிட்டிஷ் பேரரசின் மிக உயரிய வீர விருது, அவருடையது. இந்தப் பெயர் கடைசியில் மறுபடியும் வரும்.

ஆகஸ்டில் 'ஹில் 971' என்ற மேட்டைப் பிடிக்கும் முயற்சியில் 4ஆவது பிரிகேடும் கூர்க்காக்களும் சீக்கியர்களும் அடங்கிய 29ஆவது இந்திய பிரிகேடும் ஒரே தாக்குதல் அணியில் சென்றன. இருட்டில், வழி தெரியாத ஓடைகளில் தடுமாறி, முயற்சி தோற்றது. கலிப்பொலியிலிருந்து எகிப்துக்குத் திரும்பிய பிறகு, 1916இல், ஏ.ஐ.எஃப்.பை இரட்டிப்பாக்க பிரிகேடைப் பாதியாகப் பிளந்தார்கள். 13ஆவது பட்டாலியனில் பாதி 45ஆவது ஆனது. அதேபோல் 14இலிருந்து 46, 15இலிருந்து 47, 16இலிருந்து 48. இந்த 46 என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

புல்லெகோர்ட்டும் ஹாமெலும்

இந்த பிரிகேடின் மனநிலை புரிய வேண்டுமானால், பிரான்சில் நடந்த இரண்டு சண்டைகளை அடுத்தடுத்து வைத்துப் பார்க்க வேண்டும்.

1917 ஏப்ரல் 10, விடியலுக்கு முன். புல்லெகோர்ட் கிராமத்துக்கு அருகே ஆட்கள் பனியின் மேல் குப்புறப் படுத்து, தங்களுக்கு முன்னால் போக வேண்டிய டேங்குகளுக்காகக் காத்திருந்தார்கள். டேங்குகள் வரவில்லை. வெளிச்சம் வரத் தொடங்கியதும் எழுந்து திரும்பி நடந்தார்கள். மறுநாள் அதே திட்டம். இம்முறையும் டேங்குகள் தாமதம், வந்தவற்றில் பல பழுதாகி நின்றன அல்லது எரிந்தன. டேங்குகளை நம்பியதால், முன்னேறும் ஆட்களுக்கு மறைவாக முன்னால் குண்டு பொழியும் பீரங்கித் திரையும் கிடையாது. முள்கம்பி அறுபடாமல் கிடந்தது. இவ்வளவுக்கும் பிறகு 4ஆவது, 12ஆவது பிரிகேடுகள் ஜெர்மானியரின் பாதுகாப்பு அரணான ஹிண்டன்பர்க் கோட்டின் பதுங்குகுழிகளைப் பிடித்தே விட்டன. கையெறி குண்டு தீர்ந்தது. பீரங்கி ஆதரவு கேட்டார்கள். டேங்குகள் வெகுதூரம் முன்னேறிவிட்டன என்ற தவறான செய்தியை நம்பிய மேலிடம் மறுத்தது. நண்பகலுக்குள் எல்லாம் முடிந்தது. 4ஆவது பிரிகேடில் தாக்குதலுக்குப் போன சுமார் 3,000 பேரில் 2,339 பேர் இறந்தோ காயமடைந்தோ பிடிபட்டோ போனார்கள். இரண்டு பிரிகேடுகளிலும் சேர்த்து ஏறத்தாழ 1,170 பேர் கைதானார்கள். அந்தப் போரில் ஒரே சண்டையில் ஆஸ்திரேலியர் இவ்வளவு பேர் கைதானது வேறெங்கும் இல்லை.

பிழைத்தவர்களுக்கு டேங்க் என்ற சொல்லே கசந்தது.

பதினைந்து மாதம் கழித்து, 1918 ஜூலை 4. இப்போது பல டிவிஷன்கள் சேர்ந்த ஆஸ்திரேலியக் கோர் முழுவதற்கும் மோனாஷ் தளபதி. ஹாமெல் கிராமத்தைப் பிடிக்க அவர் போட்ட திட்டத்தின் நடுவே டேங்குகள் இருந்தன, தாக்குதலின் மையத்தில் 4ஆவது பிரிகேடு இருந்தது. அவர்களை எப்படிச் சம்மதிக்க வைப்பது? வொ என்ற சிற்றூரின் பள்ளத்தாக்குக்கு பட்டாலியன்களைக் குழுகுழுவாக பஸ்ஸில் அனுப்பினார். அங்கே சிப்பாய்கள் டேங்குகளின் மேல் ஏறி உட்கார்ந்து சுற்றினார்கள், உள்ளே புகுந்து பார்த்தார்கள், சிலர் ஓட்டியும் பார்த்தார்கள். டேங்குகள் முள்கம்பியை நசுக்கிக் காட்டின. எந்த பட்டாலியனோடு எந்த டேங்க் போகும் என்று முன்பே முடிவுசெய்து, அந்த பட்டாலியனின் தோளில் இருக்கும் வண்ணச் சின்னத்தையே டேங்கின் பக்கவாட்டில் வரைந்தார்கள். 'நம்ம டேங்க்' ஆகிவிட்டது. முக்கியமாக, இம்முறை பீரங்கித் திரையைக் கைவிடவில்லை. 90 நிமிடத்தில் முடியும் என்று கணக்கிட்ட சண்டை 93 நிமிடத்தில் முடிந்தது. புல்லெகோர்ட்டை அனுபவித்த ஒரு படை இன்னொரு தடவை டேங்கின் பின்னால் நடக்கச் சம்மதித்ததுதான், என் பார்வையில், அந்த நாளின் பெரிய சாதனை. நிமிடக் கணக்கு அதற்கு அடுத்தபடிதான்.

இரண்டாம் பிறவி: 1921இல் எண் கைமாறியது

போர் முடிந்து ஏ.ஐ.எஃப். 1921இல் முறைப்படி கலைந்தது. அதே ஆண்டு பகுதிநேரப் படையை மறுசீரமைத்தபோது, ஏ.ஐ.எஃப்.பின் எண்களை அப்படியே மிலிஷியாவுக்குக் கொடுத்தார்கள். தியாகத்தின் நினைவு காற்றோடு போய்விடக் கூடாது என்ற நல்ல எண்ணம்தான். ஆனால் மிலிஷியா ஊர்வாரியாக அமைவது. செவ்வாய் மாலை பயிற்சிக்கு வர வேண்டியவர் ஆயிரம் மைல் தள்ளி இருக்க முடியாதல்லவா? ஆகவே எண்கள் பிரிந்தன.

1. '4ஆவது பிரிகேடு' என்ற எண் விக்டோரியாவுக்கு வந்தது.

2. ஏ.ஐ.எஃப்.பில் அதன் உறுப்பாக இருந்த 13, 15, 16 என்ற பட்டாலியன் எண்கள் முறையே நியூ சவுத் வேல்ஸ், குயின்ஸ்லாந்து, மேற்கு ஆஸ்திரேலியா என்று அவரவர் மாநிலத்துக்குப் போயின.

3. இரண்டாம் உலகப் போர் தொடங்கும் காலத்தில் 4ஆவது பிரிகேடின் கீழ் இருந்தவை 22, 29, 46 ஆகிய விக்டோரிய பட்டாலியன்கள். இவற்றில் எதுவும் ஏ.ஐ.எஃப். காலத்து 4ஆவது பிரிகேடைச் சேர்ந்ததில்லை. 46ஆவதுக்கு மட்டும் பிளந்த வழியில் ஓர் உறவு உண்டு.

விளைவு என்ன? புல்லெகோர்ட் பனியில் கிடந்த 16ஆவது பட்டாலியனின் பெயர் வாரிசு இன்று பெர்த் நகரில், 13ஆவது பிரிகேடின் கீழ் இருக்கிறது. அந்த பட்டாலியனை வழிநடத்திய பிரிகேடின் எண் மெல்போர்னில் இருக்கிறது. இணையத்தில் வரும் பாதிக் குழப்பம் இந்த ஒரே முடிச்சிலிருந்து பிறப்பது.

1929இல் தொழிற்கட்சி அரசு கட்டாயப் பயிற்சியை நிறுத்தியது. பொருளாதார மந்தமும் சேர்ந்துகொண்டது. மிலிஷியா தன்னார்வலர்களை மட்டுமே நம்பி, ஆள் பற்றாக்குறையோடு பத்தாண்டு ஓட்டியது.

ஒரே நாட்டில் இரண்டு ராணுவம்: 1939 முதல் 1945 வரை

1939இல் மறுபடியும் அதே சட்டச் சிக்கல், அதே தீர்வு. வெளிநாட்டுக்கு இரண்டாம் ஏ.ஐ.எஃப். என்ற தன்னார்வப் படை, உள்நாட்டுக்கு மிலிஷியா. எண்கள் குழம்பாமல் இருக்க இரண்டு ஏற்பாடு செய்தார்கள். பிரிகேடுகளில் 1 முதல் 15 வரை மிலிஷியாவிடம் இருந்ததால் புதிய ஏ.ஐ.எஃப். பிரிகேடுகள் 16இலிருந்து தொடங்கின. பட்டாலியன்களில், ஏ.ஐ.எஃப்.புக்கு முன்னால் '2/' சேர்த்தார்கள். 2/22ஆவது பட்டாலியன் என்றால் இரண்டாம் ஏ.ஐ.எஃப். வெறும் 22ஆவது என்றால் மிலிஷியா. இரண்டுமே விக்டோரியாக்காரர்கள், ஒரே போர், ஆனால் தனித்தனிப் படைகள். போர்க்காலப் பதிவுகளைப் படிக்கும்போது இந்தச் சாய்கோட்டைக் கவனிக்காமல் விட்டால் கதை முழுக்க மாறிவிடும்.

1940 தொடக்கத்திலிருந்து மிலிஷியாவுக்கு மட்டும் கட்டாய ஆள்சேர்ப்பு மீண்டும் வந்தது. ஏ.ஐ.எஃப். ஆட்கள் இவர்களை 'சாக்கோ' என்றார்கள், வெயில் பட்டால் உருகிவிடும் சாக்லேட் சிப்பாய்கள் என்ற பொருளில். சட்டம் பாதுகாக்கும் ஆஸ்திரேலிய விலங்கின் பெயரால் 'கோவாலா' என்றும் சொன்னார்கள்: சுடவும் கூடாது, ஏற்றுமதி செய்யவும் கூடாது.

ஜப்பான் போரில் இறங்கியதும் அந்தக் கேலியின் அடித்தளம் ஆட்டம் கண்டது. பப்புவா ஆஸ்திரேலியாவின் ஆட்சிப் பகுதி. நியூ கினியின் வடகிழக்குப் பகுதி ஆஸ்திரேலியாவின் பொறுப்பில் விடப்பட்டிருந்த பகுதி. அங்கே மிலிஷியாவை அனுப்பச் சட்டத் தடை இல்லை. 1942 ஜூலையில் கொக்கோடா பாதையில் ஜப்பானியரை முதலில் எதிர்கொண்டது விக்டோரியாவின் 39ஆவது மிலிஷியா பட்டாலியன். ஆகஸ்ட் இறுதியில் மில்னே விரிகுடாவில் ஜப்பானியத் தரையிறக்கத்தின் முதல் அடியைத் தாங்கியது 7ஆவது மிலிஷியா பிரிகேடு. கொக்கோடாவில் ஏ.ஐ.எஃப். பிரிகேடு வந்து சேரும் வரை நின்றவர்கள் மிலிஷியாக்காரர்கள்தான். 'சாக்கோ' என்ற சொல்லை அதன் பிறகு பழைய குரலில் சொல்வது கடினமாகிவிட்டது.

4ஆவது பிரிகேடு விக்டோரியாவிலிருந்து குயின்ஸ்லாந்துக்குப் போய், 1943இல் மில்னே விரிகுடாவுக்கு வந்தது. அதற்குள் ஆள் பற்றாக்குறையால் பட்டாலியன்களை இணைக்க வேண்டியதாயிற்று. அப்படி வந்தவைதான் 29/46ஆவது, 37/52ஆவது என்ற இரட்டை எண்கள். செப்டம்பரில் நியூ கினியின் லே நகரைப் பிடிக்கும் நடவடிக்கையில், வடக்கு ஆப்பிரிக்காவிலிருந்து திரும்பிய 9ஆவது டிவிஷனுக்குத் துணையாக இறங்கியது. 22ஆவது பட்டாலியன் கடற்கரையோரமாக நடந்தே ஃபின்ஷாஃபன் பகுதிக்குப் போய்ச் சேர்ந்தது. டிசம்பர் 5 முதல், பிரிகேடியர் செட்ரிக் எட்கர் தலைமையில், பிரிகேடு கரையோரமாக வடக்கு நோக்கி முன்னேறியது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் காடு, நடுவே ஓடைக்கு ஓடை பின்வாங்கிக்கொண்டே சுடும் ஜப்பானியர். இரண்டு வாரத்துக்குப் பிறகு அந்த வேலையை வேறொரு பிரிகேடிடம் ஒப்படைத்தது. 1945இல் நியூ பிரிட்டன் தீவில், ரபாவுலில் அடைபட்டிருந்த பெரிய ஜப்பானியப் படையை வெளியே வரவிடாமல் மறித்து நின்றதோடு அதன் போர் முடிந்தது.

சட்டக் கதை இன்னும் ஒரு படி போகிறது. 1943 பிப்ரவரியில் பிரதமர் ஜான் கர்ட்டின், மிலிஷியாவைத் தென்மேற்கு பசிபிக்கில் நிலநடுக்கோடு வரை அனுப்பலாம் என்று சட்டத்தைத் திருத்தினார். இதே கர்ட்டின் 1916இல் கட்டாய ஆள்சேர்ப்பை எதிர்த்துச் சிறைக்குப் போனவர். இந்தத் திருத்தத்தால்தான் 4ஆவது பிரிகேடு கடல் கடந்தது என்று சிலர் எழுதுகிறார்கள். அது சரியில்லை. அது சண்டையிட்ட இடங்கள் எல்லாமே பப்புவாவிலோ நியூ கினிப் பொறுப்புப் பகுதியிலோ இருந்தவை. பழைய சட்டமே அதற்குப் போதுமானது.

1948க்குப் பிறகு: உள்ளே, வெளியே

போருக்குப் பின் கலைந்த பகுதிநேரப் படை 1948இல் மீண்டும் தொடங்கியது. 1951 முதல் 18 வயது இளைஞர்களுக்குக் கட்டாய தேசிய சேவை வந்ததால் பட்டாலியன்கள் நிரம்பி வழிந்தன. 1960இல் அது நின்றது. அதே ஆண்டு 'பென்ட்ரோபிக்' என்ற புதிய அமைப்பு முறையில் பட்டாலியன்களைப் பெரிதாக்கி, பிரிகேடு என்ற அடுக்கையே எடுத்துவிட்டார்கள். ஊர்ப் பெயரோடு இருந்த பழைய பட்டாலியன்கள் கரைந்து, ராயல் விக்டோரியா ரெஜிமெண்ட் போன்ற மாநில ரெஜிமெண்டுகள் பிறந்தன. ஐந்தாண்டுக்குள் அந்த முறையைக் கைவிட்டார்கள். 4ஆவது என்ற எண் முதலில் 'டாஸ்க் ஃபோர்ஸ்' என்ற பெயரிலும், 1980களின் தொடக்கத்தில் மறுபடியும் 'பிரிகேடு' என்றும் திரும்பியது.

பகுதிநேரப் படையின் மதிப்பை உண்மையில் அடித்தது வியட்நாம். 1964இல் வந்த தேசிய சேவைத் திட்டம் குலுக்கல் முறை. தேதி எழுதிய கோலிகளைப் பீப்பாயிலிருந்து எடுப்பார்கள். யாருடைய பிறந்தநாள் வருகிறதோ, அந்த 20 வயது இளைஞருக்கு இரண்டாண்டு முழுநேர ராணுவம். சுமார் 63,000 பேர் இப்படி எடுக்கப்பட்டு, 15,000க்கு மேற்பட்டோர் வியட்நாம் போனார்கள். இதிலிருந்து விலக ஒரு வழி இருந்தது: குலுக்கலுக்கு முன்பே குடிமக்கள் படையில் ஆறாண்டுக்குச் சேர்ந்துவிட வேண்டும். அந்தப் படையின் பிரிவுகளையோ வியட்நாமுக்கு அனுப்பவில்லை. விளைவு, போருக்குப் போக விரும்பாதவரின் அடைக்கலம் என்ற பெயர் அதற்கு ஒட்டிக்கொண்டது. இது நியாயமற்ற பெயர் என்றே சொல்வேன். அனுப்பாதது அரசின் முடிவு. கொக்கோடாவில் நின்றவர்களின் படைக்கு, முப்பது ஆண்டுக்குள், மறுபடியும் கோவாலா பட்டம்.

1972இல் கட்டாய சேவை நின்றதும் ஆட்கள் வேகமாகக் குறைந்தார்கள். 1974இல், குடிமக்கள் படையை ஆராய்ந்த மில்லர் குழுவின் அறிக்கை, பெயரளவில் இருக்கும் பிரிவுகளை இணைத்து எண்ணிக்கையைக் குறைக்கச் சொன்னது. 5/6ஆவது, 8/7ஆவது போன்ற இரட்டை எண் பட்டாலியன்கள் ராயல் விக்டோரியா ரெஜிமெண்டில் இருப்பது இந்த மாதிரி இணைப்புகளின் தடம்.

இன்று எப்படி இயங்குகிறது

தலைமையகம் மெல்போர்னின் வடகிழக்கில், வாட்சோனியாவின் சிம்ப்சன் பாரக்ஸ். மேலே 2ஆவது டிவிஷன். கீழே மேற்சொன்ன இரு காலாட்படை பட்டாலியன்கள், பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் லைட் ஹார்ஸ் என்ற குதிரைப்படைப் பாரம்பரியப் பிரிவு, பொறியியல் பிரிவு முதலியவை.

ஒரு ரிசர்வ் சிப்பாயின் நடைமுறை ஏறத்தாழ இப்படி: வாரத்தில் ஒரு மாலை, பல இடங்களில் செவ்வாய்க்கிழமை, வேலை முடிந்து நேரே டெப்போவுக்கு. காரின் டிக்கியில் பூட்ஸும் பையும் காலையிலிருந்தே கிடக்கும். மாதத்தில் ஒரு வார இறுதி களப்பயிற்சி, பெரும்பாலும் பக்கபன்யால் பயிற்சி மைதானத்தில். ஆண்டுக்கு ஒரு முறை இரண்டு வாரம் அளவில் பெரிய பயிற்சி. ரிசர்வ் நாள் ஊதியத்துக்கு வருமான வரி கிடையாது. சேவைக்குப் போனதற்காக முதலாளி வேலையை விட்டு எடுக்கக் கூடாது என்று 2001இல் தனிச் சட்டமே போட்டார்கள்.

2000க்குப் பிறகு ரிசர்வ் வீரர்கள் விருப்பத்தின் பேரில் சாலமன் தீவுகள், கிழக்கு திமோர், மலேசியாவின் பட்டர்வொர்த் ஆகிய இடங்களில் பணியாற்றினார்கள். 2010களில் முழுநேரப் படையின் பிரிகேடு ஒவ்வொன்றுக்கும் இரண்டு ரிசர்வ் பிரிகேடுகளைத் துணையாக இணைத்தார்கள். 4ஆவதும் தெற்கு ஆஸ்திரேலியாவின் 9ஆவதும் சேர்ந்து ஒரு போர்க்குழுவைத் தயார்செய்ய வேண்டும் என்பது ஏற்பாடு. அந்தக் குழுவுக்கு வைத்த பெயர் 'பேட்டில்குரூப் ஜாக்கா'. கோர்ட்னிஸ் போஸ்டில் குதித்த அதே ஜாக்கா.

2020 அழைப்பில் என்ன புதுமை?

2009 பிப்ரவரி 7 அன்று விக்டோரியாவில் 173 பேரைப் பலிகொண்ட 'பிளாக் சாட்டர்டே' தீயின்போதும் ரிசர்வ் வீரர்கள் உதவினார்கள். ஆனால் முன்வந்தவர்கள்தான் வந்தார்கள். 2020இல் அப்படி இல்லை. மலகூட்டா என்ற கடலோர ஊரில் சாலை அடைபட்டு, கடற்படைக் கப்பல் சூல்ஸ் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரை ஏற்றிச்சென்ற மறுநாள் வந்த அறிவிப்பு இது. கவர்னர் ஜெனரலின் ஆணைப்படி அழைக்கப்பட்டவர் வந்தே ஆக வேண்டும். இயற்கைப் பேரிடருக்காக ரிசர்வ் படையை இந்த அளவில் கட்டாயமாக அழைத்தது அதுவே முதல் முறை.

அவர்கள் செய்த வேலையில் சினிமாத்தனம் எதுவும் இல்லை. தீயணைப்பது அவர்கள் பொறுப்பல்ல, அதற்குப் பயிற்சி பெற்ற தீயணைப்புப் படை இருந்தது. இவர்கள் சாலையில் விழுந்த மரங்களை அறுத்து அகற்றினார்கள், கருகிய வேலிகளையும் கால்நடைகளையும் அப்புறப்படுத்தினார்கள், துண்டிக்கப்பட்ட ஊர்களுக்குத் தண்ணீரும் தீவனமும் கொண்டுபோனார்கள். இதில் ஒரு சங்கடமும் உண்டு. கிராமப்புற ரிசர்வ் வீரர்களில் சிலர் ஏற்கெனவே தன்னார்வத் தீயணைப்பு வீரர்கள், சிலருக்குக் காப்பாற்ற வேண்டிய சொந்த வீடே தீயின் பாதையில் இருந்தது. அப்படிப்பட்டவர்களுக்கு விலக்குத் தர வேண்டியிருந்தது.

அதே ஆண்டு டிசம்பரில் நாடாளுமன்றம் பாதுகாப்புச் சட்டத்தை மறுபடியும் திருத்தியது. பேரிடரின்போது ரிசர்வ் படையை அழைக்கும் நடைமுறை எளிதாக்கப்பட்டது. அப்பணியில் நல்லெண்ணத்தோடு செயல்படும் படையினருக்குச் சட்டப் பாதுகாப்பும் சேர்க்கப்பட்டது. 1903இல் எழுதிய அதே சட்டம்தான். அன்று அது எல்லைக்கு வெளியே யாரையெல்லாம் கட்டாயப்படுத்தக் கூடாது என்று சொன்னது. இப்போது எல்லைக்கு உள்ளே, சொந்த ஊர் எரியும்போது, யாரையெல்லாம் எவ்வளவு விரைவாக அழைக்கலாம் என்று சொல்கிறது.